பாலைக்குப் பொழுது நண்பகல்

நிலக்காட்சிப் புகைப்படக்கலை குறித்துத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே சமையற்குறிப்பின் மறுபதிப்புகளே. 16 முதல் 35 மி.மீ. வரையிலான அகலக்கோண லென்ஸ், உறுதியான முக்காலி, விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம். நீர் கண்ணில் பட்டால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரும் நீண்ட எக்ஸ்போஷரும். சட்டகத்துக்குள் மின்கம்பியோ மனிதரோ குப்பையோ நுழையக் கூடாது. இக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நார்வேயின் கடற்கரையை எடுக்கலாம்; திருப்பூரை எடுக்கக் கூடாது என்பது என் வாதம்.

திருப்பூரில் நல்ல கேமராவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஞாயிறு விடிந்தால் அவையெல்லாம் வால்பாறைக்கும் உதகைக்கும் புறப்பட்டுவிடுகின்றன. கேட்டால், "இங்கே எடுக்க என்ன இருக்கிறது?" என்பதே பதில். கல்லூரியொன்று நடத்திய நிலக்காட்சிப் போட்டியின் விதிகளில், கட்டடங்கள் தெரியும் படங்கள் ஏற்கப்படமாட்டா என்று அச்சிட்டிருந்ததை நானே படித்தேன். பனியன் கம்பெனிகளுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே வாழும் மாணவரிடம், உன் ஊர் நிலமல்ல என்று அந்த விதி சொல்லிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்காவது இது உறுத்த வேண்டும். தொல்காப்பியம் நிலத்தைத் தனியாகப் பேசுவதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அதன் மேல் மரம், புள், விலங்கு, உணவு, பறை, தொழில் எனக் கருப்பொருள்கள். அவற்றினூடே வாழும் மனிதரின் ஒழுக்கம் உரிப்பொருள். தொழிலையும் மனிதரையும் துடைத்தெடுத்த பிறகு எஞ்சுவது திணையன்று, நாட்காட்டிப் படம்.

பொழுதையே எடுத்துக்கொள்வோம். விடியல் மருதத்துக்கு, மாலை முல்லைக்கு, எற்பாடு நெய்தலுக்கு, யாமம் குறிஞ்சிக்கு, நண்பகல் பாலைக்கு எனச் சிறுபொழுதைப் பகுத்த மரபு நம்முடையது. நம் புகைப்படக்காரர்களோ 'பொன் பொழுது' என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கருதுகிறது. இயல்பு கெட்ட ஆற்றின் கரையில் நின்று அதை எடுக்கத் தகுந்த நேரம் நண்பகலே. உச்சிவெயிலில் நிழல் குறுகும், மாறுபாடு கடுமையாகும், வண்ணம் வெளிறும். அந்த வெளிறலே அந்நிலத்தின் உண்மை. அந்தியின் மஞ்சள் ஒளி எந்தச் சாக்கடையையும் சற்று நேரம் பொன்னாக்கிவிடும்.

இனி நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு. பாசனத்துக்கெனக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2006இல் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நீதிமன்றத்தின் வழியே வந்தது. அது நிறைவேறாத நிலையில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களும் தவித்தன. இவ்வளவு வழக்கும் வலியும் படிந்த நீர் அது.

அந்நீரின் முன் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டரை மாட்டினால் என்ன ஆகும்? ஒளி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமாயிருந்த எக்ஸ்போஷர் அரை நிமிடத்துக்கு மேல் நீளும். மழைக்காலத்தில் பொங்கிவரும் நுரை, அந்த அரை நிமிடத்தில் பனிமூட்டமாகக் கரைந்துவிடும். படம் பார்ப்பவர் "ஆகா" என்பார். 2017இல் நொய்யலில் நுரை மிதந்தபோது, மக்கள் பயன்படுத்தும் சோப்பே காரணம் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் விளக்கம் தந்தார். ஊர் சிரித்தது. நுரையைப் பனியாக்கும் ஃபில்டரைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அங்கே வேண்டியது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம். ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

கருவிகள் மீது எனக்குப் பகையில்லை. போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் நீரின் மேல் மிதக்கும் வானத்தின் பிரதிபலிப்பு விலகி, அடியிலுள்ள நிறம் வெளிப்படும். நீல வானத்தை ஏந்திப் பொய் சொல்லும் ஆறு, அப்போது தன் நிறத்தைக் காட்டிவிடும். அதே போலரைசரை அகலக்கோண லென்ஸில் மாட்டி வானத்தைக் கருநீலமாக்குவதையே நம்மவர்கள் அறிந்திருக்கிறார்கள். அதுவும் வானத்தின் ஒரு பாதி கறுத்து மறுபாதி வெளுத்துத் திட்டாகவே வரும்.

லென்ஸைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உண்டு: டெலி லென்ஸ் தூரங்களை நெருக்குகிறது, அகல லென்ஸ் விரிக்கிறது என்று. காட்சியின் ஆழத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடமே. அகல லென்ஸ் நம்மை முன்னிருக்கும் கல்லுக்கு அருகே இழுக்கிறது. அதனால் கல் மலையாகிறது, தொலைவிலுள்ள ஆலை புள்ளியாகிறது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை இப்படி எடுத்தால் வெறும் பொட்டலாகவே தெரியும். கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், அதனடியில் மாடு என்று அடுக்கடுக்காக அமைந்த மேய்ச்சல் நிலம் அது. சற்றுத் தள்ளி நின்று 85 அல்லது 135 மி.மீ. லென்ஸில், எஃப் 8 அல்லது 11இல் பாருங்கள். வேலிக்குப் பின் வேலி, அதன் பின் காற்றாலை, அதன் பின் மலை எனப் பாலக்காட்டுக் கணவாயின் காற்று வரைந்த நிலம் முழுவதும் சட்டகத்தில் நிற்கும். ஆனி, ஆடிக் காற்றில் முக்காலியும் ஆடும். வேகமான ஷட்டரே கைகொடுக்கும். எஃப் 22 வரை துளையைச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவு கூர்மையைக் குறைக்கும்.

நெடிய லென்ஸும் பொய் சொல்லும். திருப்பூர் நகர விளிம்பிலுள்ள நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. 600 மி.மீ. லென்ஸில் மங்கிய பச்சைப் பின்னணியில் ஒரு நாரையை எடுத்தால், அது சைபீரியாவிலும் நிற்கலாம். ஊர் நெருக்கும் நீரிலும் பறவை வந்து இறங்குகிறது என்பதே அக்குளத்தின் பெருமை. ஊரை வெட்டினால் அப்பெருமையும் போய்விடும்.

"கலை ஆவணமாக வேண்டுமா? உழைத்துக் களைத்தவன் அழகான படம் பார்க்கக் கூடாதா?" என்பார்கள். பார்க்கட்டும். அழகை நான் தடுக்கவில்லை. அழகு வேறு ஊரில்தான் இருக்கிறது என்ற தீர்ப்பை மறுக்கிறேன். கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி 1996இல் சட்பரி அருகே எடுத்த நிக்கல் கழிவோடைப் படங்களில் செந்நிற நீர் கரிய மண்ணில் எரிகுழம்பெனப் பாய்கிறது. பேரழிவை அழகுபடுத்துகிறார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்த அழகு பார்ப்பவரை நிறுத்தி, இது என்ன நீர் என்று கேட்க வைக்கிறது. நம் பனிமூட்ட நொய்யல் அக்கேள்வியை எழுமுன்பே அணைத்துவிடுகிறது.

1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நடந்த 'நியூ டோபோகிராபிக்ஸ்' கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ் முதலானோர் புறநகர் வீட்டு வரிசைகளையும் தொழிற்பேட்டைச் சுவர்களையும் நிலக்காட்சியென்று முன்வைத்தனர். மனிதன் மாற்றிய நிலமும் நிலமே என்று அன்றே நிறுவப்பட்டுவிட்டது. 1970களின் இறுதியில் மார்க் கிளெட்டும் நண்பர்களும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு அமெரிக்காவில் படமெடுத்த இடங்களைத் தேடி, அதே புள்ளியில் நின்று மீண்டும் எடுத்தனர். ஒரு நூற்றாண்டு நிலத்துக்குச் செய்ததென்ன என்பதை இரு படங்களும் அருகருகே சொல்லின.

நமக்கு அந்த முதல் படமே இல்லையென்றால், நாளை எதனருகே எதை வைப்போம்? நொய்யல் தேறிவிட்டதென்று ஒருவர் சொல்வார், கெட்டுவிட்டதென்று இன்னொருவர் சொல்வார். இருவரிடமும் சான்று இராது. ஆதலால் இளம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த லென்ஸ் வேண்டாம். ஒரு 50 மி.மீ. போதும். ஒரு பாலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுதோறும் அதே மாதம், அதே நண்பகலில், அதே தூணருகே நின்று, வெள்ளைச் சமன்பாட்டைத் தானியங்கிக்கு விடாமல் நிலைப்படுத்தி, ஒரே ஒரு படம் எடுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். வால்பாறையை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த ஆற்றுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.