தமிழ் வகுப்பில் தொடங்கட்டும் ஆங்கிலம்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போய் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் லீவ் லெட்டர் எழுதச் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ கையெழுத்து அழகாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்காது. காய்ச்சலை விட்டுவிட்டு, அக்கா கல்யாணத்துக்கு லீவு வேண்டும் என்றோ, தாத்தாவைத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றோ எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு எட்டாம் ஆண்டிலும் சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை என்றால், அந்தக் குறையைப் பிள்ளையின் தலையில் கட்ட முடியாது.

இந்தக் குறை நாடு முழுவதும் இருக்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்கும் ‘ஏசர்’ கணக்கெடுப்பின்படி, எட்டாம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2016இல் 45.3 விழுக்காடு, 2022இல் 46.7 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் கிட்டத்தட்ட அசைவே இல்லை. அதுவும் இது வாசிப்புக் கணக்குதான். எழுதுவதும் பேசுவதும் அதற்கு அப்பால் இருக்கின்றன.

பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கீழப்பாவூர், ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் பீடி சுற்றும் தாய்மார்கள் அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துப் பிள்ளையை ‘இங்கிலீஷ் மீடிய’த்தில் சேர்க்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வரத் தொடங்கின. 2011இல் தென்காசிக்கு வந்த ஸோஹோ நிறுவனம், மத்தளம்பாறையில் இருந்துகொண்டே உலகத்துக்கு வேலை செய்யலாம் என்று காட்டிய பிறகு, ஆங்கிலம் என்பது ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் மாறிவிட்டது. ஆசைக்கும் செலவுக்கும் இங்கே குறைவில்லை. சொல்லித்தரும் முறையில்தான் ஓட்டை இருக்கிறது.

ஆறு முதல் எட்டு வரையிலான மூன்று வகுப்புகளில், ஆங்கிலத்துக்கு மிகவும் உதவக்கூடிய பாடம் அடுத்த பீரியடிலேயே நடந்துகொண்டிருக்கிறது. அது தமிழ் இலக்கணம். இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆறாம் வகுப்புத் தமிழில் மொழிமுதல், இறுதி எழுத்துகள் பாடம் வருகிறது. தமிழில் மெய்யெழுத்து தனியாக நின்று சொல்லைத் தொடங்காது என்று பிள்ளை அங்கே படிக்கிறது. அடுத்த பீரியடில் அதே பிள்ளை ‘இஸ்கூல்’ என்று சொல்லித் திட்டு வாங்குகிறது. அது நாக்கின் சோம்பல் கிடையாது. பல நூற்றாண்டுத் தமிழ் விதி அந்த நாக்கில் வேலை செய்கிறது. தமிழில் ‘ஸ்’ முதலில் வராததால் உன் வாய் ஒரு ‘இ’ சேர்க்கிறது, ஆங்கிலத்தில் அதைச் சேர்க்காமல் பழகு என்று ஆசிரியர் சொன்னால் ஒரு நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் குற்றியலுகரம். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது என்பதால் அதன்மேல் ஓர் உகரம் ஏறுகிறது. ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆவதும், ‘கப்’ என்பது ‘கப்பு’ ஆவதும், ‘செட்’ என்பது ‘செட்டு’ ஆவதும் இதே கணக்குதான். ‘பாக்கு, பட்டு’ என்று வன்தொடர்க் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு எழுதும் பிள்ளையிடம் ‘புக்கு எந்த வகை?’ என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே ‘வன்தொடர்’ என்று சொல்லும். ‘பெஞ்சு’ மென்தொடர் என்பதையும் கண்டுபிடிக்கும். தன் உச்சரிப்புக்குக் காரணம் தெரிந்த பிள்ளைக்குக் கூச்சம் பாதி போய்விடுகிறது.

எட்டாம் வகுப்பில் முதல் இயலிலேயே எழுத்துகளின் பிறப்பு. மேற்பல்லும் கீழுதடும் சேர ‘வ’ பிறக்கும் என்று பாடம் சொல்கிறது. ஆங்கில ‘வி’க்கும் அதே இடம்தான். ‘டபிள்யூ’வுக்குப் பல்லை விட்டுவிட்டு உதட்டைக் குவிக்க வேண்டும். ‘வி’ இடத்திலேயே வாயை வைத்துக்கொண்டு குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டால் ‘எஃப்’ வந்துவிடும். நாம் நாக்கை மடித்து ‘ட’ சொல்கிறோம். ஆங்கில ‘டி’க்கு நாக்கு மடங்குவதில்லை, ‘ன’ சொல்லும்போது அது தொடும் இடத்தைத்தான் தொடுகிறது. ‘பின்’னுக்கும் ‘பின்’னுக்கும் வேறுபாடு சொல்லத் தெரியவில்லை, குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ஒன்றாகிவிடுகின்றன என்று ஆங்கில ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். ‘பம்பரம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ‘ப’ ஒரு மாதிரி, மகர மெய்க்குப் பின்னால் வரும் ‘ப’ வேறு மாதிரி. இரண்டு ஒலியும் அந்தப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. சொல்லின் முதலில் இரண்டாவது ஒலியையும் கொண்டுவரப் பழக்கினால் போதும். லண்டன்காரர் மாதிரிப் பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கேட்கிறவருக்குச் சொல் விளங்க வேண்டும்.

இலக்கணத்திலும் இதே கதைதான். எட்டாம் வகுப்பு வேற்றுமைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ‘தென்காசியில்’, ‘மேசையில்’, ‘வீட்டில்’ என்று நாம் எல்லா இடத்துக்கும் ஒரே ‘இல்’லைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஊருக்கு ‘இன்’, மேசைக்கு ‘ஆன்’, வீட்டுக்கு ‘அட்’. நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. அவர்களுடைய உருபு முன்னால் தனியாக நிற்கிறது. இதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டாமல், ‘பிரெபொசிஷன்’ என்று தலைப்புப் போட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிள்ளை குருட்டாம்போக்கில்தான் நிரப்பும். வினைமுற்றும் அப்படியே. நாம் ‘வருகிறேன், வருகிறாய், வருகிறாள்’ என்று ஒவ்வொரு இடத்துக்கும் விகுதி மாற்றுகிறோம். ஆங்கில வினை நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் ‘எஸ்’ஸைப் பிடித்து வைத்திருக்கிறது. அத்தனை விகுதியைச் சிரமமில்லாமல் போடும் பிள்ளை இந்த ஒன்றை மறந்து ‘ஷி கோ’ என்று எழுதுகிறது என்றால், அது ஒரு விகுதி என்று யாரும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

ஆங்கிலத்தில் பிள்ளைகளை அதிகமாகக் குழப்புகிறவை ‘ஏ’யும் ‘தி’யும். தமிழில் அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பாட்டி சொல்லும் கதையைக் கவனியுங்கள். ஒரு ஊர்ல ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு மகள், அந்த மகள்... முதலில் ‘ஒரு’, தெரிந்துவிட்ட பிறகு ‘அந்த’. முதல் இடத்தில் ‘ஏ’, இரண்டாம் இடத்தில் ‘தி’. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்துவிடும்.

ஆங்கில வகுப்பில் தமிழில் வாய் திறந்தால் அபராதம் என்ற வழக்கம் சில தனியார் பள்ளிகளில் உண்டு. அதனால் விளைவது மௌனம்தான். அபராதத்துக்குப் பயந்த பிள்ளை சந்தேகத்தைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. இதற்கு நேர் எதிரான கேட்டையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பாடத்தை வரிக்கு வரி தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, கேள்வி பதிலை நோட்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதும் நடக்கிறது. அந்த வகுப்பில் பிள்ளையின் காதில் ஆங்கிலமே விழுவதில்லை. காரணத்தை விளக்க ஐந்து நிமிடம் தமிழ், பழக்கத்துக்கு மீதி நேரமெல்லாம் ஆங்கிலம் என்பதே நான் கேட்பது. ஆங்கிலச் சொல்லில் எந்த அசை அழுந்தி ஒலிக்கும் என்பதற்கும், எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லாத எழுத்துக்கூட்டலுக்கும் தமிழ் இலக்கணம் கைகொடுக்காது. அவை காதாலும் கையாலும் மட்டுமே வரும்.

அந்தப் பழக்கத்தை எப்படிக் கொடுப்பது? நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஆங்கிலக் கல்வி வல்லுநர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கண விதியை ஒப்பிக்கச் சொல்லாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, விடை தேடும் வழியில் ஆங்கிலத்தைப் புழங்கவைத்தார். பெங்களூர்த் திட்டம் என்று உலக மொழிக் கல்வி நூல்கள் அதைப் பேசுகின்றன. செங்கோட்டையிலிருந்து சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, அடுத்த ஊர் எது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு பீரியட் முழுக்க ஆங்கிலத்தில் கேட்டுப் பதில் வாங்கலாம். அந்த விகுதி ‘எஸ்’ அங்கே நூறு முறை வரும்.

குற்றாலத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. சீசன் நேரத்தில் அருவிக்குப் போகும் வழியில் கடை போட்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் விலை சொல்லியே மலையாளம் பிடித்துக்கொள்கிறார்கள். மொழி காதில் விழுகிறது, உடனே பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது, தவறினால் யாரும் அடிப்பதில்லை. ஆங்கிலத்துக்கு இந்த மூன்றும் பள்ளியைத் தவிர வேறெங்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

இன்னொரு மொழியை நன்றாகக் கற்கத் தாய்மொழியை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. சாயர்புரத்தில் இருந்த ஜி.யு. போப், பிற்பாடு தம் நாட்டவர் தமிழ் படிக்க எழுதிய கைநூலை ஆங்கிலத்தில்தான் எழுதினார். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர், ஆங்கிலம் அறிந்தவர், கல்வி தமிழில் நடக்க வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவரும் அவர்தான். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போனவர்கள், ஆங்கிலேயர் ஆண்ட அந்தத் துறைமுகத்தில் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள்.

2025-26இல் பள்ளிக்கல்வித் துறை 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட ‘திறன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. இடைவெளி எங்கே இருக்கிறது என்று துறை கண்டுகொண்டது நல்ல செய்தி. ஆனால் தமிழும் ஆங்கிலமும் அங்கேயும் தனித்தனிக் கையேடாகவே நின்றுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லாதவரை மேல் வகுப்புகளில் யாரும் பேச்சைச் சீண்ட மாட்டார்கள். ஆகவே எட்டு வரைதான் நமக்கு அவகாசம். அங்கே வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஒரு பங்கை மனப்பாடமில்லாத நாலு வாக்கியப் பேச்சுக்கும், சொந்தக் காரணம் சொல்லும் ஒரு லீவ் லெட்டருக்கும் ஒதுக்க எந்த அரசாணையும் தேவையில்லை.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை மொழிகளுக்கென ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. சிறிய நடுநிலைப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் ஒருவர் கையிலேயே இருந்தால் அவர் நாளைக்கே தொடங்கலாம். இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பு நடக்கும் நாளில், ஆங்கில ஆசிரியரையும் அந்த வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள்.