ராஜ திராவகம்

செல்லூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போன மாதம் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். டை கட்டியிருந்தார்களாம். (டை கட்டியவனை நம்பாவிட்டால் வேறு யாரைத்தான் நம்புவது?) "பித்தளைச் சாமான் இருந்தாக் குடுங்கக்கா, ஃப்ரீயா பாலீஷ் போட்டுத் தர்றோம்."

குத்துவிளக்கு பளபளத்தது. அப்புறம் கொலுசு. அப்புறம், மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலி. ஏதோ தண்ணீரில் முக்கி எடுத்து, மஞ்சள் பொடி கரைத்த கிண்ணத்தில் போட்டு, "பத்து நிமிஷம் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சங்கிலி கிண்ணத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. எடைதான் 24 கிராமுக்குப் பதிலாக 20 சொச்சம்.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த பத்தரிடம் காட்டினேன். உரைகல்லில் உரசி ஒரு சொட்டு விட்டார். கோடு அப்படியே நின்றது.

"தங்கம் சுத்தமானதுதான் தம்பி. இது நைட்ரிக். செம்பா இருந்தா பச்சையாப் பொங்கிக் கரைஞ்சிரும். தங்கம் அசையாது. இதோட ஹைட்ரோகுளோரிக்கை மூணுக்கு ஒண்ணுன்னு சேர்த்தா ராஜ திராவகம். அதுக்கு ராஜாவும் தப்ப மாட்டாரு."

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆபீசில் ஃபைல் தள்ளும் எனக்கு மிச்சம் ஞாபகம் வந்தது. தனித்தனியாக இரண்டு அமிலத்துக்கும் தங்கத்திடம் செல்வாக்கு இல்லை. நைட்ரிக் துளியூண்டு தங்கத்தைப் பிடுங்கும்; குளோரைடு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்ப விடாது. கூட்டுக் களவாணித்தனம். பிறகு அந்த மஞ்சள் திரவத்தில் ஃபெரஸ் சல்பேட் போட்டால், தங்கம் பழுப்புப் பொடியாக அடியில் உட்காரும். உருக்கினால் காசு.

1940-ல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, போரின் ஆய்வுக்கூடத்தில் லாவே, ஃபிராங்க் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் நோபல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது பெரிய குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. ஹெவெசி என்பவர் இரண்டையும் இதே திராவகத்தில் கரைத்து, ஜாடியை அலமாரியில் வைத்துவிட்டார். தேடி வந்தவர்கள் அதைச் சீந்தவில்லை. போர் முடிந்ததும் தங்கத்தைப் பிரித்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, பதக்கங்களைத் திரும்பச் செய்து கொடுத்தார்கள்.

அவசரமாக அக்காவுக்கு போன் போட்டேன். "முக்கி எடுத்த தண்ணி எங்கக்கா?"

"அதை அவங்களே எடுத்துட்டுப் போய்ட்டாங்கடா. கீழே கொட்டினா தரை வீணாப் போயிரும்னாங்க. நல்ல பயலுக மாதிரித்தான் இருந்துச்சு... அத்தான்கிட்ட நீயே சொல்லிர்றியா?"