விற்கும் வீட்டின் சுவர்

நம் நெசவாள அங்கத்தினர் சிலர், வீட்டை விற்குமுன் தறிக்கூடத்துச் சுவருக்கு அவசரமாகச் சிமெண்டு பூசி, வண்ணமும் அடித்து, விலை பேச முற்படுகின்றனர். இது தகாது என்பதே நம் கருத்து.

குழித்தறி இருந்த கூடத்தில் நிலத்து ஈரம் சுவரில் ஏறும். அது உலருங்கால் உப்புப் பூத்துக் காரை உதிரும். அத்தகைய பழஞ்சுவரில் சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடுத்த மழைக்கே வண்ணம் கொப்புளிக்கும். கெட்ட காரையைச் செங்கல் தெரியுமட்டும் கொத்தியெடுத்து, உப்பை உலர்ந்த துடைப்பத்தால் நீக்கி, சுவரை நன்கு காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, அதன்பின் வெள்ளையடிப்பதே முறை. இதற்குப் பணத்தினும் பொறுமையே அதிகம் வேண்டும். கிரயத்திற்கு நாள் குறித்துவிட்டவரிடம் அது ஏது!

வாங்குபவரும் பெரும்பாலும் மற்றொரு நெசவாளரே. கஞ்சியிட்ட பாவை அவர் அக்கூடத்தில்தான் வைப்பார். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆதலின் ஈரம் நில்லாதெனில் அதனைச் சொல்லியே விற்றல் வேண்டும். சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய இயலாத முக்கியக் குறையை, அறிந்த விற்பனையாளர் தெரிவித்தே தீரவேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. மறைப்பதை அது மோசடியாகவே கருதுகிறது. விலை சிறிது குறையினும் குறையட்டும். சுவரின் நிலையைக் கிரயப் பத்திரத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வது இரு தரத்தார்க்கும் நலம்.