வீடியோ நிஜம்தான், கேப்ஷன்தான் பொய்

"வீடியோவே இருக்கு, அப்புறம் என்ன ஆதாரம் வேணும்?" வாட்ஸப் குரூப்பில் எந்தச் சண்டையையும் முடித்து வைக்க இந்த ஒரு வரி போதும். நீங்களும் இதை நம்புகிறவர் என்றால், 2023 மார்ச் முதல் வாரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் வட இந்தியா முழுக்கச் சுற்றின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட்டார். ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். ஆக, அடிதடி நிஜம். பொய் முழுக்க மேலே ஒட்டியிருந்த ஒற்றை வரியில் இருந்தது. பாட்னாவில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது எந்த ஊர், யார் யாரை அடிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? கேப்ஷன் சொன்னதுதான் அவனுக்குச் செய்தி. (இன்னொரு வீடியோவில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்களை, பாட்னாவிலேயே ஒரு வாடகை வீட்டில் வைத்துப் படம்பிடித்ததாக பீகார் போலீஸே சொன்னது. அது தனிக் கூத்து.)

இதற்குள் பீகார் சட்டசபையில் அமளி. மார்ச் 1 அன்று ஸ்டாலின் பிறந்தநாள் விழாவுக்குத் தேஜஸ்வி யாதவ் சென்னை வந்திருந்தார்; எதிர்க்கட்சிக்கு அல்வா மாதிரி கிடைத்த விஷயம். விசாரிக்க அங்கிருந்து அதிகாரிகள் குழுவே கிளம்பி வந்தது.

'பீகாரிங்க ஏமாந்துட்டாங்க' என்று நாம் சிரித்தோம். சரி, அதே வருஷம் ஜனவரியில்? திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் நம்ம ஆட்களைத் துரத்துகிற வீடியோ ஒன்று வந்ததே. சின்னத் தகராறில் ஆரம்பித்த விஷயம். 'வடக்கன் அட்டகாசம்' என்று எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தோம்? பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் அடிக்கிற வீடியோ வந்தது. அது நிஜமான தாக்குதல், ரயில்வே போலீஸ் ஆளைக் கைது செய்தது. மார்ச்சில் வந்த பொய்களுக்கெல்லாம் சாட்சியாக நின்றது அந்த நிஜம்தான் என்பது என் கருத்து. 'வடக்கன்' மீம் போட்டவர்கள் யாரையும் அடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அடிப்பது ஒரு ஜோக் என்ற அளவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

மெஷின் லேர்னிங் படிக்கிறவர்களுக்கு இதன் உள்வேலை எளிதாகப் புரியும். ஃபீடை வரிசைப்படுத்துகிற மாடல் கணிப்பது ஒன்றைத்தான்: நீங்கள் லைக், கமென்ட், ஷேர் செய்வீர்களா? செய்தி நிஜமா என்பது அதன் இலக்கிலேயே கிடையாது. 2017-ல் ஃபேஸ்புக், கோப எமோஜி உட்பட எல்லா ரியாக்ஷன்களுக்கும் ஒரு லைக்கைவிட 5 மடங்கு மதிப்புக் கொடுத்திருந்தது. 2021-ல் கசிந்த உள் ஆவணங்களில்தான் இது வெளியே வந்தது. அப்படிப்பட்ட ஃபீடில் டிஜிபியின் நிதானமான மறுப்பு எங்கே மேலே வரும்? அதைப் பார்த்துக் கோபப்பட யாருமில்லையே!

அந்த வாரம் திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் கூட்டம். ஹோலி மார்ச் 8. ஊருக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

அடுத்த முறை அடிதடி வீடியோ வந்தால், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஊரும் தேதியும் தெரியாமல் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். இன்னொன்று, உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிற வடமாநிலத்து அண்ணனிடம், அந்த வாரம் ஊரிலிருந்து எத்தனை போன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஹிந்தி தெரியாதா? பரவாயில்லை, இந்நேரம் அவருக்குத் தமிழ் வந்திருக்கும்.