கத்யூஷா எண்ட செல்லப்பெயர்

இரண்டாம் உலகப்போர் வீடியோ பார்க்கிற எங்கட பெடியள் பலருக்குக் கத்யூஷாவைத் தெரியும். லொறியின் முதுகிலிருந்து சில வினாடிகளில் 16 ரொக்கெட்டுகள், பின்னணியில் அதே பேரில் ஒரு காதல் பாட்டு. நாங்களும் ரசிச்சுத்தான் பாத்தம். எங்களில் ஒருவரின் வீட்டில் அம்மா வந்து நிப்பாட்டச் சொல்லும்வரைக்கும்.

1941 ஜூலை 14இல் ஓர்ஷா ரயில் நிலையத்தின் மீது அது முதன்முதலாக ஏவப்பட்டபோது, அந்த ரொக்கெட்டுகளை வடிவமைத்தவர்களில் முக்கியமான கியோர்கி லாங்கெமாக் உயிரோட இல்லை. 1938 ஜனவரியிலேயே ஸ்டாலினின் அரசு அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டது. அவருக்கு விருது குடுத்தது 1991இல். நாஸிகளை வென்ற பெருமையைப் பேசுறவை இதையும் சேர்த்துப் பேசவேணும். பெருமை பொய்யில்லை, ஆனா பாதிதான்.

மற்றப் பாதி எங்களுக்குக் கிட்ட இருக்கு. கத்யூஷா குறிபார்த்துச் சுடுற ஆயுதமில்லை, ஒரு பரப்பையே மூடுற ஆயுதம். படை திரண்டு நிற்கிற வெளியில் அது சரி. சனம் இருக்கிற இடத்தில்? 1960களில் அது 40 குழாய்க் 'கிராட்' ஆக வளர்ந்தது. கிராட்டின் அதே 122 மி.மீ. ரொக்கெட்டை ஏவுற செக் நாட்டு ஆர்எம்-70ஐ 2000இல் இலங்கை இராணுவம் வாங்கியது.

எங்கட சனம் அதுக்குக் காதலியின்ர பேர் வைக்கேல்லை. 'மல்ரிபரல்' எண்டுதான் இண்டைக்கும் சொல்லுவினம், குரலைத் தாழ்த்தி.