ஆப் இல்லை... ஆப்பு!

தருமபுரியிலிருந்து சேலம் போகிற சாலையில் ஏழு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமக்கிற ஊர். நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு விஷயம் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டிப் பெருமையடிக்கிறான். ஔவையும் பாராட்டுகிற மாதிரியே ஒரு குத்து விடுகிறார். இங்கே ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். உழைக்கிற கருவி என்றால் பட்டறைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அதுதான் சேதி.

இன்றைக்கு அதே ஊர்க்காரர் கையில் இருக்கிற கருவி செல்போன். பாலக்கோட்டில் தக்காளி என்ன விலை, பேங்க்கில் பணம் ஏறியதா, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து என்ன செய்தி, எல்லாம் அதில்தான். ஆனால் இந்தக் கருவி தொண்டைமான் கட்சி. கடையில் பளபளப்பு, பெட்டியில் நடிகர் படம்... பட்டறைப் பக்கம் மட்டும் போவதே இல்லை.

ஆப்பு 1: கேட்காமலே குடிவந்தவை

பத்தாயிரம் ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கி, சிம் போடுவதற்கு முன்பே உள்ளே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கேம், ஒரு ஷாப்பிங் ஆப், ஒரு செய்தி ஆப், இன்னொரு பிரவுசர், "போனைச் சுத்தம் செய்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு விளம்பரம் காட்டுகிற ஒன்று. சிலவற்றை அழிக்கலாம். பலவற்றை "முடக்க" மட்டுமே முடியும். இவை போனின் சிஸ்டம் பகுதியில் ஏற்றப்பட்டவை. சாதாரணப் பயனருக்கு அங்கே கைவைக்க அனுமதி இல்லை. முடக்கினாலும் அது பிடித்திருக்கிற இடம் முழுதாகத் திரும்பி வராது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாரும் மறுபடி ஆஜர்.

ஒருவர் வீடு வாங்குகிறார். விற்றவர் தன் மாமன் மச்சானையெல்லாம் உள்ளே குடிவைத்துவிட்டு, "இவங்களை வெளியே அனுப்ப முடியாது, வேண்டுமானால் அந்த ரூமைப் பூட்டிக்குங்க" என்றால் அதற்கு என்ன பெயர்? செல்போன் உலகத்தில் அதற்கு "வசதி" என்று பெயர்.

இது வெறும் புலம்பல் இல்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மொத்த ஆப் மூட்டையையும் போனில் ஏற்றியாக வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது, அவற்றை அழிக்க வழி தராதது, இவையெல்லாம் குற்றச்சாட்டில் இருந்தன. முன்கூட்டியே ஏற்றிய தன் ஆப்களைப் பயனர் அழிப்பதைக் கூகுள் தடுக்கக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதி செய்தது. ஆனால் அந்த "அழிக்க விடு" உத்தரவை ரத்து செய்துவிட்டது! அபராதம் அரசுக்கு, ஆப்பு மக்களுக்கு.

ஆப்பு 2: வரும்... ஆனா வராது

அடுத்தது ஓட்டையை அடைக்கிற அப்டேட். 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு எம்.எம்.எஸ். அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைய முடியும். ஆபத்தில் இருப்பவை சுமார் 95 கோடி போன்கள் என்று அதைக் கண்டுபிடித்த நிறுவனம் கணக்குச் சொன்னது. அதன்பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது.

வெளியிட்டால் போதுமா? கூகுள் எழுதிய திருத்தம் சிப் தயாரிப்பாளரிடம் போகவேண்டும். அங்கிருந்து போன் கம்பெனிக்கு. அவர்கள் தங்கள் மாடலுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்து அனுப்பவேண்டும். விலை உயர்ந்த மாடல்களுக்கு இது வேகமாக நடக்கிறது. 2023-ல் வந்த கூகுள் பிக்ஸல் 8-க்கும், 2024-ல் வந்த சாம்சங் எஸ் 24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். மலிவு மாடல்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டோடு கதை முடிந்துவிடுகிறது. யு.பி.ஐ. இரண்டு போனிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. திருடனும் இரண்டுக்கும் ஒரே திருடன்தான். பூட்டு மட்டும் பணக்காரருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருத்தம் அனுப்ப "தொழில்நுட்பச் சிக்கல்" இருக்கிற அதே போனுக்கு, விளம்பர அறிவிப்பு மட்டும் தினமும் தவறாமல் வந்து சேருகிறது. ஆக, வழி இருக்கிறது. மனசுதான் இல்லை.

இரண்டு ஆப்பும் ஒன்றாகச் சேர்ந்த கதையும் உண்டு. 2016 நவம்பரில், அமெரிக்காவில் மலிவு விலைக்கு விற்ற புளூ ஆர் 1 ஹெச்.டி. போனில் ஆடப்ஸ் என்ற முன்னேற்றப்பட்ட மென்பொருள், பயனரின் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் சீனாவில் உள்ள சர்வருக்கு அனுப்பியது தெரியவந்தது. ஆடப்ஸின் வேலை என்ன தெரியுமா? போனுக்கு அப்டேட் கொண்டுவருவது!

"விலை குறைவா வேணும்னா சகிச்சுக்கணும்"

கம்பெனிகளின் நியாயம் இது. ஓரளவு உண்மையும்கூட. வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்கமாட்டோம் என்று 2018 ஏப்ரலில் ஷாவ்மி அறிவித்தது. மிச்ச வருமானம் போனுக்குள் ஓடுகிற சேவைகளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான் வரவேண்டும்.

சரி, அப்படியென்றால் அதை விலைச்சீட்டில் எழுதட்டுமே. மேலே சொன்ன அதே புளூ போனை 2016-ல் அமேசான் இரண்டு விலைக்கு விற்றது. விளம்பரம் இல்லாமல் சுமார் 100 டாலர், பூட்டுத்திரையில் விளம்பரத்தோடு 50 டாலர். எது வேண்டும் என்று வாங்குபவர் முடிவு செய்தார். அது வியாபாரம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்த பிறகு தெரிவது வியாபாரம் இல்லை.

அரசாங்கத்துக்கும் இந்த ஆசை வந்ததுதான் உச்சம். புதுப் போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை ஏற்றியே விற்கவேண்டும், அதை முடக்க முடியாதபடி இருக்கவேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3-ஆம் தேதி கட்டாயம் வாபஸ். போன் திருட்டைப் பற்றிப் புகார் செய்ய உதவுகிற ஆப்தான் அது. நல்ல ஆப்பாகவே இருக்கட்டும், கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும் என்பதைத்தான் மக்கள் சொன்னார்கள். ஒரு அரசையே சில நாளில் பின்வாங்க வைக்க முடிந்தது என்றால், கேம் கம்பெனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொறுமை?

முடியாத காரியமா?

தென் கொரியாவில் 2014-லேயே, தேவையில்லாத முன்னேற்ற ஆப்களைப் பயனர் அழிக்க வசதி தரவேண்டும் என்று அரசு வழிகாட்டு விதி கொண்டுவந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டு அப்டேட் தரவேண்டும் என்று விதி. அங்கே விற்கிற கம்பெனிகளில் பலதான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இங்கே வேண்டியது இரண்டே இரண்டு விதி. ஒன்று, போன் இயங்குவதற்கு அவசியமில்லாத எந்த ஆப்பையும் முழுதாக அழிக்க முடியவேண்டும். இரண்டு, பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த வருடம் வரை என்று பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் அச்சடிக்கவேண்டும். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலேயே தேதி இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் போனுக்கு இல்லை.

சட்டம் வருகிறவரைக்கும் போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு கேள்வி கேட்கலாம். "இதுல எதையெல்லாம் அழிக்க முடியாது? அப்டேட் எதுவரைக்கும் வரும்?" கடைக்காரருக்குப் பதில் தெரியாது. பரவாயில்லை. முதல் ஆளிடம் முழிப்பார். பத்தாவது ஆளும் அதையே கேட்டுவிட்டு வாங்காமல் போனால், கம்பெனி ஆளுக்கு அவரே போன் போடுவார்.