உன் அடுப்பு, உன் கணக்கு

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் காலை ஆறரை மணிக்கு டாண் என்று வந்து நிற்பார். மழையானாலும் வருவார்; மேலுக்கு முடியாவிட்டாலும் வருவார். 2023 செப்டம்பர் மாதத்தின் நடுவில் ஒரு நாள் மட்டும் எட்டு மணியாகியும் ஆளைக் காணோம். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டு பாத்திரத்துக்கு முன்னால் உட்காரப் போன சமயம், மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் செல்போன்.

"ஆச்சி, இதிலே என்னமோ வந்திருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். அவருடைய வங்கிக் கணக்கில் 1000 ரூபாய் சேர்ந்திருப்பதாகச் செய்தி. சொன்னேன். "இன்னொரு வாட்டி படிங்க" என்றார். இன்னொரு வாட்டி படித்தேன்.

அதோடு நான் வாயை மூடிக் கொண்டிருக்கலாம். மூடவில்லை. "அது சரி, இதை வைத்து என்ன செய்யப் போறே?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன செய்வாள்? பத்து நாளில் கரைந்து விடும். சும்மா வருகிற பணம் வீட்டில் தங்குமா?" என்றார். அம்மாள் ஒன்றும் பேசவில்லை. செல்போனை இடுப்பில் செருகிக் கொண்டு பாத்திரத்தின் முன் உட்கார்ந்து விட்டார்.

அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. நம் வீட்டுக்கு வரும் சம்பளத்தை என்ன செய்கிறோம் என்று யாராவது நம்மை மதில் மேல் நின்று கேட்டால் பொறுத்துக் கொள்வோமா, சொல்லுங்கள்!

அந்தப் பணத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கினார்கள். ஒரு கோடியே 63 லட்சம் பேர் மனுப் போட்டு, சுமார் ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்திருக்கக் கூடாது. வாசலில் கார் நிற்கக் கூடாது. இப்படிப் பல நிபந்தனைகள். ஆனால் நிபந்தனை எல்லாம் வாங்குவதற்குத்தான். செலவழிப்பதற்கு ஒன்றும் கிடையாது. ரசீது காட்ட வேண்டாம். யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னார்கள், கவனித்தீர்களா? வீட்டில் பெண் செய்யும் வேலைக்குச் சம்பளமே இல்லை. அதற்கு ஓர் அங்கீகாரம் இது என்பது அந்தப் பெயரின் பொருள்.

இதைப் புதுமை என்று பேசினார்கள். எனக்கு என்னவோ எங்கள் அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

செட்டிநாட்டில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. தெரியாத வாசகிகளுக்காகச் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த மருமகள் கொஞ்ச காலம் மாமியாரோடு சேர்ந்து சமைப்பாள். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, அதே வீட்டுக்குள் அவளுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, கைச்செலவுக்கு இவ்வளவு ரொக்கம் என்று அளந்து கொடுத்து விடுவார்கள். ஒரே முற்றம், ஒரே வாசல். ஆனால் அடுப்பு வேறு, கணக்கு வேறு. ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போன காலம் அது. இங்கே குடும்பத்தைக் கட்டி நடத்தியவர்கள் பெண்கள். கணக்குத் தெரியாத பெண் எப்படி நடத்துவாள்? அதற்குத்தான் அந்தத் தனி அடுப்பு.

எங்கள் அப்பத்தா மருமகளுக்கு அளந்து கொடுத்த அன்று, "உன் அடுப்பு, உன் கணக்கு" என்று சொன்னதோடு சரி. அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மருமகள் மிச்சம் பிடித்துச் சிறுவாடு சேர்த்தாளா, வாரத்துக்கு இரண்டு நாள் பணியாரம் சுட்டுத் தீர்த்தாளா என்று ஒரு நாளும் விசாரித்தது இல்லை. வசதியுள்ள வீட்டு மருமகளிடம் வைத்த அந்த நம்பிக்கையை, பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடம் வைக்க எனக்கு ஏன் வாய் வரவில்லை? இதைத்தான் பல நாள் யோசித்துக் கொண்டிருந்தேன்.

கடல் கடந்தும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் கென்யா என்ற தேசம். அங்கே விக்டோரியா ஏரியை ஒட்டி ஸியாயா என்று ஒரு ஜில்லா. புல் வேய்ந்த மண் குடிசைகள். மழை வந்தால் வீட்டுக்குள்ளேயும் மழை. 'கிவ் டைரக்ட்லி' என்னும் தர்ம ஸ்தாபனத்தார் அந்தப் பக்கம் போனார்கள். மாடு வாங்கித் தருகிறோம், தையல் சொல்லித் தருகிறோம் என்று சொல்லவில்லை. புல் கூரை வீடாகப் பார்த்து, ரொக்கத்தை நேரே செல்போனுக்கு அனுப்பினார்கள். 2007-லிருந்து அந்த ஊரில் செல்போன் வழியாகவே பணம் அனுப்பவும் பெட்டிக் கடையில் கொடுத்து வாங்கவும் வசதி உண்டு.

"குடித்து அழித்து விடுவார்கள்" என்று அங்கேயும் மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். 2011 முதல் 2013 வரை ஆராய்ச்சிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார்கள். குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. புல் கூரை தகரக் கூரையாயிற்று. ஆடு மாடு சேர்ந்தது. பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். மனக் கவலையும் குறைந்தது. சில வீட்டில் கணவர் கையிலும் சில வீட்டில் மனைவி கையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். நமக்குச் சற்று ஏமாற்றம்தான், என்ன செய்ய!

பிறகு 2014-லிருந்து அதே ஜில்லாவில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்குச் சுமார் 1000 டாலர் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் தகரம் வாங்க, கொல்லருக்கும் தச்சருக்கும் வேலை. அவர்கள் சோளம் வாங்க, கடைக்காரருக்கு வியாபாரம். கொடுத்த ஒரு டாலர் ஊருக்குள் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய இரண்டரை டாலராக வேலை செய்ததாம். விலைவாசியும் கவனிக்கும்படி ஏறவில்லை.

நம் தேசத்திலும் 2011-ல் இந்தூர் பக்கத்துக் கிராமங்களில், இலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கத்தார், யூனிசெப் உதவியோடு இதைச் செய்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. குழந்தையின் பங்கு தாயிடம். வீட்டுச் சாப்பாடு தேறியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

கென்யாவில் இன்னொன்றும் தெரிந்தது. மாதாமாதம் சிறுகச் சிறுக வந்த பணம் சோற்றுக்குப் போயிற்று. மொத்தமாக வந்த பணம் கூரைக்குப் போயிற்று. சிறுகச் சிறுக வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து நம் சீட்டு மாதிரி ஒன்று போட்டு, மொத்தப் பணமாக்கிக் கொண்டார்கள். சீட்டுப் பிடிக்கும் சாமர்த்தியம் காரைக்குடியோடு நின்று போன சொத்தில்லை!

எங்கள் அம்மாள் கதைக்கு வருகிறேன். பணம் வந்து இரண்டு மாதத்துக்குள் அவர் வீட்டில் புகைய ஆரம்பித்தது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான் தொகை. மகன், மருமகள், பேரன் எல்லாரும் ஒரே அட்டையில். பணம் மாமியாருக்கு. மருமகள் ஒரு நாள் கேட்டு விட்டாளாம்: "ஆக்கிப் போடுறது நான், தண்ணி தூக்குறது நான். உரிமை மட்டும் உங்களுக்கா?" நாலு நாள் இருவருக்கும் பேச்சில்லை.

அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை. வீட்டு வேலைக்கு அங்கீகாரம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டில் ஒருவர் பேரில் மட்டும் எழுதினால் சண்டை வராதா?

அப்பத்தாவின் கதையை அம்மாளிடம் சொல்லலாமா என்று நினைத்துக் கொண்டிருந்தேன். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. ஐந்தாம் நாள் அவரே வந்து சொன்னார்:

"ஆச்சி, போன வருசம் நான் ஆஸ்பத்திரியிலே கெடந்தப்போ, அந்தப் புள்ளை தோட்டைக் கழட்டி அடகு வச்சுத்தான் என்னைய மீட்டுச்சு. அவ காது மூளியா இருக்கையிலே எனக்கு என்ன உரிமை? மாசம் ஐந்நூறு அவளுக்குன்னு சொல்லிட்டேன். என்ன செய்வியோ செஞ்சுக்கன்னுட்டேன்."

மருமகள் 2024 தை மாதம் ஒரு 10,000 ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தாள். மாதம் 500, இருபது பேர். ஒன்பதாம் மாதம் ஏலத்தில் எடுத்து, வட்டியைக் கட்டி, தோட்டை மீட்டு விட்டாள். அவளைக் கொப்புடையம்மன் கோயில் வாசலில் பார்த்தேன். நான் காதைப் பார்ப்பதை அவளும் பார்த்து விட்டாள், சிரித்தாள்.

ஆயிரம் ரூபாயால் வறுமை தீர்ந்து விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நாள் கணக்குப் போட்டால் 33 ரூபாய்தான். ரொக்கம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தாது. ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்க்காது. அவற்றைச் சர்க்கார் தனியாகச் செய்துதான் ஆக வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்கு அலைந்தவர்களும் உண்டு. 2025 டிசம்பரில்தான் இன்னும் சுமார் 17 லட்சம் பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஆனால் தேதி தவறாமல் வரும் சிறு தொகை ஒன்று செய்கிறது. அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்க வைக்கிறது. அடுத்த மாதம் என்று ஒன்று இருந்தால்தானே சீட்டில் சேர முடியும்?

மாமியாரின் பங்கு ஐந்நூறு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? இரத்த அழுத்த மாத்திரைக்குக் கொஞ்சம், பேரன் நோட்டுக்குக் கொஞ்சம் போயிற்று. அதோடு வெள்ளிக்கிழமைதோறும் தலையில் ஒரு முழம் மல்லிகைப்பூ.

"பார்த்தீர்களா, பூவுக்குப் போகிறது!" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி மதில் மேலிருந்து.

"அவர் அடுப்பு, அவர் கணக்கு" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே வந்து விட்டேன். கூடம் முழுக்க மல்லிகை மணத்தது.